மைக் கூவுதா, என் காது கூவுதா?

மைக் செட் தொழிலில் ஒரு வசதி உண்டு: எல்லாம் ஒழுங்காக நடந்தால் நம்மை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், மைக் ஒரே ஒரு தடவை கூவிவிட்டால், மேடையில் மாலையோடு நிற்கிற மாப்பிள்ளை உட்பட அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

கூவுவது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மைக்கில் நுழைந்த சத்தம் ஸ்பீக்கர் பெட்டி வழியாக வெளியே வந்து, மறுபடி அதே மைக்கில் நுழைந்து, இப்படியே சுற்றிச் சுற்றி வளர்ந்து ‘கூய்ங்’ என்று கத்தும். கத்துவதற்கு முன்னால் மெல்லிசாக ஒரு விசில் வரும். அதைப் பிடித்து, அந்த மைக்கின் சத்தத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் தப்பித்தோம். அந்த மெல்லிய விசிலைக் கேட்பதற்காகத்தான், எல்லா மைக்கின் சத்தத்தையும் குமிழ் திருகி ஏற்றி இறக்குகிற மிக்ஸர் முன்னால் ஒரு ஆளை உட்காரவைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள். பெங்களூரில் தொண்ணூறுகள் முழுக்க அப்படி உட்கார்ந்திருந்த ஆட்களில் நானும் ஒருவன். என் விஷயத்தில் ஒரே ஒரு சிக்கல்தான். உட்கார்ந்த முதல் நாளிலிருந்தே என் காதுக்குள் அதே மாதிரி ஒரு விசில் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது.

காதில் வண்டு பறக்கிறவர்கள், குக்கர் சத்தம் கேட்கிறவர்கள், டிவி ஓடாமலே டிவி சத்தம் கேட்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து எனக்கும் இடம் கொடுங்கள். நானும் உங்கள் கட்சிதான்.

மெயின் சுவிட்ச்

ரிச்சர்ட்ஸ் டவுனில் லாரன்ஸ் அண்ணன் என்பவர் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். கூடவே ஒரு சின்ன ஆர்கெஸ்ட்ராவும் நடத்தினார். நான் அடுகோடியிலிருந்து தினமும் போய் அவரிடம் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன். வயது இருபத்திரண்டு. அந்த வருஷப் பிள்ளையார் ஊர்வலத்தில், லாரி மேல் இரண்டு வரிசைப் பெட்டிகளுக்கு நடுவில் என்னை உட்காரவைத்தார்கள். லாரி குலுங்கும்போது ஆம்ப்ளிஃபையர் சாயாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை. மதியம் ஏறியவன், ஏரியில் பிள்ளையாரை இறக்கும்போதுதான் நானும் இறங்கினேன். எதிரில் நிற்பவர்கள் தலையணைக்குள் வாயை வைத்துப் பேசுவது மாதிரி இருந்தது. காதில் விசில். எங்கள் தொழிலில் இதெல்லாம் சகஜம். ஒரு நாள் அடிக்கும், தூங்கி எழுந்தால் போய்விடும்.

அந்தத் தடவை போகவில்லை. காதைக் குடைந்து பார்த்தேன், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, இது காது இல்லை, வீட்டில் ஏதோ ஒரு சாமான்தான் கூவுகிறது என்று திடீரென்று தோன்றியது. ரேடியோவைப் பிடுங்கினேன். டியூப் லைட்டை அணைத்தேன். பிறகும் சந்தேகம் தீராமல் வெளியே போய் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டேன். எங்களுடையது வரிசை வீடு, ஆறு குடும்பத்துக்கும் மெயின் ஒன்றுதான். ஞாயிறு காலை டிவியில் சாமி கதை ஓடும் நேரம் அது. கரண்ட் போனதும் தெருவே அமைதியாகி, அந்த அமைதியில் என் விசில் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. பக்கத்து வீட்டு சரோஜம்மா கையில் காபி டம்ளரோடு வெளியே வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“ஏம்ப்பா முனிரத்னம், உங் காது கூவுறதுக்கு எங்க வூட்டு டிவிய எதுக்குப்பா நிறுத்துற?”

நாற்காலி

இதற்குச் சில வாரம் முன்னால்தான், ஒரு பெட்டியில் கீச்சுச் சத்தம் மட்டும் வரவில்லை என்று லாரன்ஸ் அண்ணனிடம் சொல்லியிருந்தேன். திறந்து பார்த்தால் உள்ளே அந்தச் சின்ன ஸ்பீக்கர் செத்துக் கிடந்தது. அதை அவர் மனதில் வைத்திருக்கிறார். ஊர்வலம் முடிந்த அடுத்த மாதம் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் நீ பெட்டி தூக்க வேண்டாம், மிக்ஸர் முன்னால் உட்கார் என்றார். எங்கள் உலகத்தில் அது சின்ன விஷயமில்லை. பெட்டி தூக்குகிறவனுக்கு முதுகு போகும், மரியாதை வராது. மிக்ஸர் ஆளுக்கு நாற்காலி உண்டு. சாப்பாட்டுப் பந்தியில் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். பெண் பார்க்கப் போனால் ‘சவுண்ட் இன்ஜினியர்’ என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த நாற்காலியை விட எனக்கு மனசில்லை. ‘காது போன ஆபரேட்டர்’ என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் சிவாஜி நகரிலிருந்து அத்திபெலே வரை எவனும் என்னைக் கூப்பிட மாட்டான். ஆகவே வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் ஆரம்பித்தது. ஒவ்வொரு புரோகிராமுக்கு முன்னாலும் மைக்கையெல்லாம் ஏற்றிப் பார்க்கும் நேரத்தில் லாரன்ஸ் அண்ணன் என் தோளுக்குப் பின்னால் வந்து நிற்பார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “முனி, கூவுதா?” என்று கேட்பார். இருபத்தைந்து வருஷ அனுபவஸ்தர், அவருக்குத் தெரியாதா? பரீட்சை வைக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். குத்துமதிப்பாக “இல்லண்ணே” என்றோ “லைட்டாண்ணே” என்றோ சொல்லுவேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். பாஸா, ஃபெயிலா என்று முகத்தில் தெரியாது. முதல் நாள் போகும்போது மட்டும் என் காது மடலைச் செல்லமாக இழுத்துவிட்டுச் சொன்னார்:

“இத்த பத்திரமா பாத்துக்கோ முனி. இனிமே இதுதான் நம்ம கம்பெனி சொத்து.”

கை தூக்கியவன்

யாருக்கும் சொல்லாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். பூண்டு எண்ணெய், ஓம வாடை, சூடு உப்பு ஒத்தடம் எல்லாம் அதற்குள் பார்த்தாகிவிட்டது. காது டாக்டர் உள்ளே விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, ஒரு பரிசோதனைக்கு அனுப்பினார். அலமாரி மாதிரி ஒரு சின்ன அறை. உள்ளே உட்காரவைத்துத் தலையில் ஹெட்போன் மாட்டினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண், மெஷினோடு. “ரொம்ப சின்னதா பீப் சத்தம் வரும். கேட்டா கை தூக்குங்க, ஸார்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

கதவு மூடியதும் உலகத்துச் சத்தம் எல்லாம் நின்றுபோனது. என் விசில் மட்டும் பளிச்சென்று கேட்டது. நான் கை தூக்கினேன். நின்றால் இறக்கலாம் என்று பார்த்தேன், நிற்கவில்லை. பரீட்சையில் கோட்டை விடக் கூடாது என்று தூக்கிய கையைத் தூக்கியபடியே வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் என்னைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், எழுந்து வந்து கதவைத் திறந்தார். பிறகு பரிசோதனை ஒழுங்காக முடிந்ததும், அந்தத் தாளைப் பார்த்து, மெல்லிய கீச்சுச் சத்தம் கேட்கும் இடத்தில் காது அடிவாங்கியிருக்கிறது, அது திரும்பாது, இந்த விசிலுக்கு மருந்தில்லை, ஆனால் பழகும் என்று டாக்டர் நிதானமாக விளக்கினார். இனிமேல் சத்தத்துக்குப் பக்கத்தில் போகாதே என்றார், அமைதியான இடத்தில் ஏதாவது சின்னச் சத்தம் வைத்துக்கொள் என்றார். வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆனால் இன்றைக்கும் அந்த ஆஸ்பத்திரியை நினைத்தால், கதவைத் திறந்து அந்தப் பெண் கேட்டதுதான் முதலில் ஞாபகம் வருகிறது:

“ஸார், நான் இன்னும் மெஷினே ஆன் பண்ணல. நீங்க எதுக்குக் கை தூக்கினீங்க?”

டோஸ்ட்

கன்டோன்மென்ட் பக்கத்துக் கிறிஸ்தவக் கல்யாண ரிசெப்ஷனில் டோஸ்ட் என்று ஒன்று உண்டு. கேக் வெட்டியதும், குடும்பத்துக்கு வேண்டிய ஒரு பெரியவர் மைக்கைப் பிடித்து மணமக்களை வாழ்த்திப் பேசுவார். அவர் முடிக்கும் வரை யாரும் கிளாஸை வாயில் வைக்கக் கூடாது. அன்று பேச வந்தவர் மாப்பிள்ளையின் மாமா. கோட்டுப் பையிலிருந்து மடித்த காகிதங்களை எடுத்தார். “எனதருமை மணமக்களே” என்று ஆரம்பித்தார். அந்த நொடியில் எனக்கு மெல்லிசாக விசில் கேட்டது. ஆகா, வந்துவிட்டது என்று அவர் மைக்கை இறக்கினேன். விசில் போகவில்லை. இன்னும் இறக்கினேன். போகவில்லை. கடைசியில் மைக்கையே மூடிவிட்டேன். அப்போதும் விசில் அடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் அது யாருடைய விசில் என்று புரிந்தது.

மேடையில் மாமா கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருக்கிறார், முன் வரிசைக்கே கேட்கவில்லை. நான் பதறிப்போய் மைக்கை ஏற்றப் போனேன். அதற்குள் மாப்பிள்ளை பையன் மேடையிலிருந்து இறங்கி நேரே என்னை நோக்கி வந்தான். அன்றோடு என் நாற்காலி போயிற்று என்று நினைத்தேன். வந்தவன் குனிந்து என் காதருகில் சொன்னான்:

“அண்ணா, தயவு செஞ்சு அப்டியே வுட்ருங்க. எங்க வூட்டுல நடந்த போன கல்யாணத்துல இதே மாமா முக்கா மணி நேரம் பேசினாரு.”

தியானம்

சூடுபட்ட பூனை மாதிரி ஆகிவிட்டேன் அதற்குப் பிறகு. எந்த விசில் கேட்டாலும், இது நம்முடையது, கண்டுகொள்ளாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நவம்பர் வந்தது. கர்நாடகம் உருவான நாளைக் கொண்டாடும் கன்னட ராஜ்யோத்சவ மாதம் முழுக்கத் தெருவுக்குத் தெரு மேடை போடுவார்கள், எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. முதல் பாட்டு கன்னடத்தில் இருக்க வேண்டும், கொடிக்கு மரியாதை செய்துவிட்டுத்தான் மற்றது. அன்று எங்கள் ஆர்கெஸ்ட்ரா பாடகி வசந்தாக்கா, முதல் பாட்டுக்காக மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு ஜனங்களுக்குக் கிட்டே போகலாம் என்று மேடை முனைக்கு வந்தார். அங்கேதான் பெட்டி.

விசில் வந்தது. நம்முடையதுதான், பழகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே என்று நான் புன்னகையோடு சாய்ந்து உட்கார்ந்தேன். விசில் வளர்ந்தது. பரவாயில்லை, மனதை அடக்கு என்று கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது கூட்டத்தில் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள், கொடிக் கம்பத்துக்குப் பக்கத்தில் இருந்த நாய் தெருமுனைக்கு ஓடிக்கொண்டிருந்தது. லாரன்ஸ் அண்ணன் ஓடி வந்து என் தோள் மேலாக எட்டிக் குமிழை இறக்கினார். கோபம்கூட இல்லை அவர் குரலில், ஆச்சரியம்தான்:

“ஊரே காதப் பொத்திக்கினு நிக்குது. நீ இன்னாடா, கண்ண மூடி தியானம் பண்ணிக்கினு கீற?”

கம்மல்

அன்றைக்குப் புரோகிராம் முடிந்ததும் வசந்தாக்கா என்னைத் தனியாகப் பிடித்தார். பகலில் அவர் நர்சரி பள்ளி டீச்சர். இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தினாலும், எது பென்சிலுக்கு, எது பாத்ரூமுக்கு என்று பிரித்துச் சொல்லுகிற காது அவருக்கு. “உண்மையச் சொல்லு முனி, உனக்கு இன்னா கேக்குது?” என்றார். நான் சொல்லிவிட்டேன். அக்கா அனுதாபமெல்லாம் காட்டவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு ஏற்பாடு சொன்னார். மேடையில் அவருக்கு மெய்யாகவே விசில் கேட்டால் வலது காதுக் கம்மலைத் தொடுவார். தொடாவிட்டால் அது என் சொந்த விசில், நான் நிம்மதியாக இருக்கலாம். லாரன்ஸ் அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்.

ஏற்பாடு பிரமாதமாக ஓடியது. அண்ணன் பின்னால் வந்து நின்று “முனி, கூவுதா?” என்று கேட்டதும் நான் மேடையைப் பார்ப்பேன். அக்கா கை கம்மலுக்குப் போனால் “ஆமாண்ணே”, போகாவிட்டால் “இல்லண்ணே”. பரீட்சைக்குப் பயப்படுவதை விட்டேன். ஒரு வருஷத்துக்குள் எனக்கு நல்ல பெயரே வந்துவிட்டது. பிறகு ஒரு கிறிஸ்துமஸ் விழாவில், அக்கா பல்லவியை எடுத்ததுமே கம்மலைத் தொட்டார். இறக்கினேன். மறுபடி தொட்டார். இன்னும் இறக்கினேன். சரணத்தில் இரண்டு தடவை தொட்டார். பாட்டு முடியும்போது கிட்டார் மட்டும்தான் கேட்டது, “சவுண்டு, சவுண்டு” என்று பின்னாலிருந்து கத்தினார்கள். மேடையிலிருந்து இறங்கியதும் அக்கா நேரே என்னிடம் வந்தார்:

“புதுக் கம்மல் போட்டுக்கினு வந்தா நாலு பேர் பாக்கட்டும்னு தொடமாட்டாங்களா? அதுக்கு என் கொரலையே புடுங்கிக்கினியே பாவி.”

தலைப் பொங்கல்

எனக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் அத்திபெலே. பெயர் குமுதா. தலைப் பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்குப் போனோம். ஜனவரி மாதம் அங்கே குளிர் எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எனக்கு ஃபேன் ஓடாமல் தூக்கம் வராது. டாக்டர் சொன்ன சின்னச் சத்தம் எனக்கு ஃபேன்தான். அதன் இரைச்சலில் என் விசில் ஒளிந்துகொள்ளும். வெட்கப்பட்டுக்கொண்டு காரணம் சொல்லாமல் ஃபேனை முழு வேகத்தில் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் குமுதா ஸ்வெட்டர், மங்கி கேப், சாக்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு பொங்கல் பானைக்கு முன்னால் வந்து நின்றாள். மாமியார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “மாப்ளைக்குச் சூட்டு ஒடம்பு போலக்குது” என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, எனக்கு மட்டும் மோர் கொண்டுவந்து வைத்தார்.

மோரைக் குடித்துவிட்டு, மாட்டுக்குப் பொட்டு வைக்கும் சாக்கில் குமுதாவைக் கொட்டகைப் பக்கம் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன். காது இப்படி, விசில் இப்படி, இது போகாது, தெரிந்தால் வேலை போகும், உன்னிடமும் மறைத்துவிட்டேன். அவள் மங்கி கேப்பைக் காதுக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

“மொதல்லயே சொல்லிருந்தா சீர் சாமான்ல ஒரு டேபிள் ஃபேன் கேட்டிருப்பேனே. செவுத்தப் பாத்துத் திருப்பி வெச்சிருந்தா சத்தம் உங்களுக்கு, காத்து செவுத்துக்கு.”

சிவப்பு டேப் ஒட்டிய குமிழ்

டாக்டர் சத்தத்துக்குப் பக்கத்தில் போகாதே என்றார். சத்தம்தான் எனக்குச் சோறு. ஆகவே நான் சத்தத்தைக் கொஞ்சம் என் பக்கம் வரவிடாமல் பார்த்துக்கொண்டேன். பெட்டிகளை ஜனங்களின் தலைக்கு மேலே தூக்கிக் கட்டினேன். அளவைக் குறைத்தே வைத்தேன். கல்யாண வீட்டில் இதற்கு நல்ல வரவேற்பு. சொந்தக்காரர்கள் பந்தியில் உட்கார்ந்து நிம்மதியாக ஒருவரைப் பற்றி ஒருவர் பேசிக்கொள்ள முடிந்தது. பாதிரியார்கள் எங்களைத் தேடிக் கூப்பிட்டார்கள். ஸ்பீக்கர் கிழியாமல் இருப்பதால் லாரன்ஸ் அண்ணனும் ஒன்றும் சொல்லவில்லை.

பிரச்சினை பிள்ளையார் கமிட்டி பையன்களிடம்தான். கமிட்டித் தலைவர் பாபு என்ற பையன் பாட்டுக்குப் பாட்டு வந்து, “சவுண்டு ஏத்து குரு, நெஞ்சு அதிரணும்” என்பான். முடியாது என்றால் அவனே கையை வைத்துத் திருகுவான். அதற்காகவே மிக்ஸரின் கடைசிக் குமிழைத் தயார் செய்தேன். அதற்கு எந்த ஒயரும் கிடையாது, முழுக்கத் திருகினாலும் ஒரு எறும்புக்குக்கூடக் கேட்காது. அதைச் சுற்றிச் சிவப்பு டேப் ஒட்டி, ‘மெயின் பவர்’ என்று பெரிதாக எழுதிவைத்தேன். பாபு வந்தான். நான் மிகவும் தயங்குகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, அந்தக் குமிழை மெதுவாக முக்கால் வட்டம் திருப்பினேன். அவன் கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து, அதிர்வை அனுபவித்தான். பிறகு திரும்பிப் போகும்போது என் முதுகில் தட்டிச் சொன்னான்:

“ஆங்… ஈக சரி ஆய்த்து. இப்பதான் குரு சவுண்டு.”

வசந்தாக்கா வராத நாள்

இப்படியே வருஷங்கள் ஓடின. நூற்றாண்டு மாறுகிற சமயம். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு சர்ச் திருவிழாவுக்கு ஒப்புக்கொண்டிருந்தோம். அன்று காலை வசந்தாக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பதிலுக்கு ஒரு புதுப் பெண்ணை அனுப்பினார்கள். சாயங்காலம் மைக்கையெல்லாம் ஏற்றிவைத்தேன். லாரன்ஸ் அண்ணன் வழக்கம்போல் என் தோளுக்குப் பின்னால் வந்து, கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: “முனி, கூவுதா?”

மேடையைப் பார்த்தேன். அந்தப் பெண் தலையில் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பிறகு மூக்குத்தியைத் தொட்டாள், அதற்கு என்ன அர்த்தமோ. என் காதில் விசில் அடித்துக்கொண்டிருந்தது, எது எதுவென்று பிரிக்க முடியவில்லை. குத்துமதிப்பாகச் சொல்லி, அது தப்பாகப் போனால், வாழ்த்த வந்திருக்கிற பிஷப் பேசும்போது கூவும். எனக்கு அலுத்துவிட்டது. இத்தனை வருஷம் பயந்தது போதும் என்று தோன்றியது. நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, “தெரியலண்ணே” என்றேன். லாரி, ஆஸ்பத்திரி, கம்மல் எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தேன். “வேற ஆள உக்காரவெச்சுக்கோங்கண்ணே” என்றும் சொன்னேன்.

லாரன்ஸ் அண்ணன் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். எங்கேயோ பார்த்துக்கொண்டு, “கூவுதா இல்லயான்னு எனக்கு மட்டும் எப்படிடா தெரியும்?” என்றார். அவருக்கு மெல்லிய சத்தம் எதுவும் கேட்காமல் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. கூம்பு ஸ்பீக்கர் காலத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் போன காது அவருடையது. அதனால்தான் என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறார். அவர் ஒரு நாளும் எனக்குப் பரீட்சை வைக்கவில்லை. தெரியாமல்தான் கேட்டிருக்கிறார். அன்றைக்கு எங்கள் குமிழ்களை இறக்குவதா ஏற்றுவதா என்று அந்தப் புதுப் பெண்ணையே கூப்பிட்டுக் கேட்டோம், அவள் கூவவில்லை என்றாள், பிஷப் நன்றாகப் பேசினார். ஆனால் அண்ணன் அதற்கு முன்பே, பெட்டி மேல் உட்கார்ந்தபடி, விரலை மடக்கி மடக்கி எதையோ கணக்குப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

“அப்போ நான் உன்னக் கேட்டேன், நீ அவளக் கேட்டே. இத்தினி வருஷமா கம்பெனிய ஓட்டினது வசந்தாவோட கம்மலா?”

மிச்சம் இருந்தது

நாற்காலி எனக்கே என்றார் அண்ணன். மறுவாரம் வசந்தாக்கா தொண்டை சரியாகி வந்தபோது, பாடுவது அவருக்கே கேட்பதற்காக மேடையில் அவர் காலடியில் வைக்கிற பெட்டி அங்கே இல்லை. அண்ணனே காலையில் வந்து அதைத் தூக்கிப் பக்கவாட்டில் தள்ளிவைத்திருந்தார். மெஷின் ஷாப் ஆட்கள் காதில் செருகிக்கொள்கிற ரப்பர் தக்கைகளை ஒரு பொட்டலம் வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார். எங்களுக்கு அதனால் பெரிய லாபமில்லை, போனது போனதுதான். எனக்கும் அது தெரியும், அவருக்கும் தெரியும். அவர் பயந்தது அக்காவின் காதுக்காக. எனக்கும் அன்று முதல் அதே பயம்தான். அக்கா ஒன்றைச் செருகிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “இத்த வெச்சா நான் பாடுறது எனக்கே கம்மியா கேக்குதுண்ணே” என்றார். அண்ணன் தக்கையைத் திரும்பவும் அவர் கையில் வைத்து விரல்களை மூடினார்:

“இன்னிக்கு ஸ்வல்பம் கம்மியா கேளும்மா. நாளைக்கும் கேக்கணும் இல்ல?”

என் விசில் இன்றைக்கும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது, ஆனாலும் தொழிலைப் பற்றி யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான்: எங்கள் சவுண்ட் சர்வீஸில் ஒரு லாரி நிறையப் பெட்டிகள் இருந்தன, ஆட்கள் இருந்தார்கள், அனுபவம் இருந்தது, ஒழுங்காகக் கேட்கிற காது மட்டும் ஒரே ஒரு ஜோடி, அதிலும் கம்மல் ஆடிக்கொண்டிருந்தது.